குறைக்காமலே குறையும் தொகை: ஓய்வூதிய அறிவிப்புகளில் விலைவாசி இணைப்பு என்றால் என்ன?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'ஓ.ஏ.பி. பணம்' என்று வழங்கப்படும் முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் திட்டப் பட்டியலில் இடம்பெற்ற, 60 முதல் 79 வயது வரையுள்ள ஒருவருக்கு இந்த 1,200 ரூபாயில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். மீதி மாநில அரசின் பணம். இந்த 200 ரூபாய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1995 ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டபோது மத்திய அரசு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 2007-இல் அத்திட்டம் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றபோது தொகை 200 ரூபாயாக இருந்தது. 2011-இல் தகுதி வயது 65-இலிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்றும் ஆனது. 79 வயது வரையுள்ளவர்களுக்கான 200 ரூபாய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தத் தொகையைக் குறைப்பதாக எந்த அரசும் ஆணை பிறப்பித்ததில்லை, எந்த நிதியமைச்சரும் அறிவித்ததில்லை. ஆனாலும் அது குறைந்திருக்கிறது. கணக்குக்காக, விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2007-இல் 200 ரூபாய்க்கு வாங்கிய அரிசியையும் பருப்பையும் மாத்திரையையும் 18 ஆண்டுகள் கழித்து வாங்க ஏறத்தாழ 481 ரூபாய் வேண்டும். அதாவது, கையில் வரும் 200 ரூபாய்க்கு 2007-ஆம் ஆண்டின் விலையில் 83 ரூபாய் மதிப்புதான் இருக்கும். இதே கணக்கில் இன்னும் பின்னோக்கிப் போனால், 1995-இல் கொடுத்த 75 ரூபாய்க்கு ஈடாக 2025-இல் 324 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். திட்டம் தொடங்கிய நாளில் கிடைத்த மதிப்புகூட இன்றைய 200 ரூபாய்க்கு இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஓய்வூதியம், உதவித்தொகை ஆகியவை குறித்த அரசு அறிவிப்புகளைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் தொகையை மட்டுமே பார்க்கிறோம். 'எவ்வளவு தருகிறார்கள்' என்பது இயல்பான கேள்விதான். ஆனால் ஒருவர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாங்கப்போகும் பணத்தைப் பொறுத்தவரை, முதல் மாதத் தொகையைவிட அது அடுத்தடுத்த ஆண்டுகளில் எப்படி மாறும் என்ற விதியே அவருடைய முதுமையைத் தீர்மானிக்கிறது. விலைவாசி ஏறும்போது, யாரும் மனுக் கொடுக்காமல், யாரும் தேர்தல் அறிக்கையில் எழுதாமல், தொகையும் தானாக ஏறும்படி முன்கூட்டியே விதி வகுத்து வைப்பதைத்தான் விலைவாசி இணைப்பு என்கிறோம். அப்படி ஒரு விதி இல்லாத தொகை, அரசு நினைக்கும்போது உயரும், நினைக்காதபோது கரையும். தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகையே இதற்கு நல்ல சான்று. 2011-இல் 500 ரூபாயிலிருந்து ஒரே எட்டில் 1,000 ரூபாயானது. அதன் பின் 12 ஆண்டுகள் அசையவில்லை. 2011-இன் அறிவிப்பு பெரிய உயர்வு என்பதில் ஐயமில்லை. அதற்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகள் செய்தியாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நமக்கு நன்கு பழக்கமான எடுத்துக்காட்டு அகவிலைப்படி. வங்கி ஊழியர்கள் இதைப் பஞ்சப்படி என்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அகவிலை நிவாரணம் என்று பெயர். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தொழிலாளர் பணியகம், தொழில்துறைத் தொழிலாளர்கள் வாங்கும் பொருள்களின் சில்லறை விலைகளை 88 மையங்களில் திரட்டி, மாதந்தோறும் ஒரு குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. சென்னை, கோவை, மதுரை, சேலம் ஆகியவற்றோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் குன்னூரும் அந்த மையங்களுள் ஒன்று. கடந்த 12 மாதங்களின் சராசரிக் குறியீட்டெண், ஊதியக் குழு அடிப்படையாக எடுத்துக்கொண்ட எண்ணைவிட எத்தனை விழுக்காடு கூடியிருக்கிறதோ, அத்தனை விழுக்காடு அகவிலைப்படி. ஜனவரியிலும் ஜூலையிலும் என ஆண்டுக்கு இருமுறை இது திருத்தப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் ஊதியம் நடைமுறைக்கு வந்த 2016 ஜனவரியில் பூஜ்யமாக இருந்த மத்திய அரசின் அகவிலைப்படி, 2025 ஜூலையில் 58 விழுக்காட்டை எட்டியது.

இதன் பொருளை ஓர் ஒப்பீட்டில் பார்க்கலாம். 2016 ஜனவரியில் மூவர் ஓய்வு பெறுகிறார்கள். மூவருக்கும் அடிப்படை ஓய்வூதியம் மாதம் 25,000 ரூபாய் என்று கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர், கடைசிச் சம்பளத்தில் பாதியை அகவிலை நிவாரணத்தோடு தரும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர். 2025 ஜூலையில் அவர் கைக்கு வருவது 39,500 ரூபாய். இரண்டாமவர் தம் சேமிப்பைக் கொண்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஆயுள் முழுவதும் ஒரே தொகை வரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தை வாங்கியவர்; அவருக்கு அன்றும் 25,000, இன்றும் 25,000. மூன்றாமவரும் காப்பீட்டு நிறுவனத்தில்தான் வாங்கினார், ஆனால் ஆண்டுதோறும் குறிப்பிட்ட விழுக்காடு ஏறும் வகையைத் தேர்ந்தெடுத்தார். அதே 25,000 ரூபாயில் தொடங்க அவர் முதலிலேயே கணிசமாகக் கூடுதல் முதலீடு போட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற நாளின் பிரிவுபசார விழாவில் மூவரும் சமமானவர்கள். ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பிறகு முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே மாதம் 14,500 ரூபாய் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளி முழுவதும் விதியால் வந்தது. அவர்களுடைய உழைப்பிலோ சம்பளத்திலோ எந்த வேறுபாடும் இல்லை.

அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தைச் சுற்றி இருபது ஆண்டுகளாக நடக்கும் வழக்கையும் போராட்டத்தையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பல சிக்கல்கள் அவிழும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், மத்திய அரசில் (முப்படையினர் நீங்கலாக) 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம் இல்லை என்று ஆனது. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியரும் அரசும் செலுத்தும் தொகை சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது. ஓய்வு பெறும்போது 60 விழுக்காடு வரை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். தமிழ்நாடு அத்திட்டத்தில் சேராமல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்ற பெயரில் ஊழியரிடம் 10 விழுக்காடு பிடித்து, தானும் அதே அளவு போட்டு, பணத்தைத் தன் பொதுக் கணக்கிலேயே வட்டியோடு வைத்திருந்தது. விலகும்போது ஒரு மொத்தத் தொகை கிடைத்தது. மாத ஓய்வூதியம் என்று ஒன்று வரவில்லை. பெயரில் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு ஓய்வூதியம் தராத திட்டம் என்று ஊழியர் சங்கங்கள் அதைக் கேலி செய்தது நியாயம்தான்.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, 'கடைசிச் சம்பளத்தில் பாதி' போய்விட்டதே என்றுதான் பலரும் வருந்தினார்கள். பாதிச் சம்பளம் முக்கியமானதே. ஆனால் பழைய திட்டத்தின் உயிர்நிலை, அந்தப் பாதியோடு ஒட்டிக்கொண்டு வந்த அகவிலை நிவாரணத்தில் இருந்தது. சந்தையில் நல்ல வருவாய் ஈட்டிய ஓர் ஊழியருக்கு முதல் மாத ஆண்டுத்தொகை பாதிச் சம்பளத்தை நெருங்கி வந்துவிடவும் கூடும். பத்தாண்டு கழித்து அதே தொகைதான் வரும் என்பதே பெரிய இழப்பு. அப்போது மத்திய நிதிச் செயலராக இருந்த டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவின் பணியைத் தொடர்ந்து மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டு 24-இல் ஒப்புதல் அளித்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இந்த இடத்தைத்தான் சரிசெய்ய முயன்றது. 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதங்களின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு, 10 ஆண்டுகள் முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய், ஓய்வூதியர் இறந்தபின் அவர் வாங்கிய ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு குடும்ப ஓய்வூதியம் என்பவை அதன் கூறுகள். இவை அனைத்துக்கும் அகவிலை நிவாரணம் உண்டு என்ற ஒரு வரி, செய்தித்தாள்களில் கடைசிப் பத்தியில்தான் இடம்பெற்றது. என் பார்வையில் அது முதல் பத்திக்கு உரிய செய்தி. தமிழ்நாடு அரசு 2026 ஜனவரி 3-இல் அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டமும், ஊழியரிடம் 10 விழுக்காடு பிடித்தம் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், பாதிச் சம்பளத்தோடு அகவிலைப்படி உயர்வையும் சேர்த்தே வாக்களித்தது.

இணைப்பு இருந்துவிட்டால் கவலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விதியை நிறுத்திவைக்கவும் அரசால் முடியும். கொரோனாக் காலத்தில் 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி என்ற மூன்று தவணைகளை மத்திய அரசு நிறுத்தியது. 2021 ஜூலையில் அகவிலைப்படி 17-இலிருந்து 28 விழுக்காடாக உயர்ந்தபோது விட்டுப்போன விழுக்காடுகள் திரும்ப வந்தன. அந்த 18 மாத நிலுவைப் பணம் வரவில்லை. தமிழ்நாட்டில் உயர்வு வர 2022 ஜனவரி ஆயிற்று. அப்போது 17-இலிருந்து 31 விழுக்காடானது. இன்னொரு குறையும் உண்டு. தொழில்துறைத் தொழிலாளியின் குடும்பச் செலவைக் கொண்டு கணக்கிடும் குறியீட்டெண், எழுபத்தைந்து வயது முதியவரின் செலவை அப்படியே காட்டாது. அவர் வீட்டில் பள்ளிக் கட்டணம் இருக்காது. மருந்துக்கடைச் சீட்டு நீளமாக இருக்கும்.

எந்த எண்ணோடு இணைப்பது என்பது எவ்வளவு பெரிய அரசியல் ஆகக்கூடும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே அரசு ஓய்வூதியம், ஒரு காலத்தில் விலைவாசி, சராசரி ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகம் உயர்கிறதோ அதையொட்டி உயர்ந்தது. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு ஊதியத்தோடு இருந்த இணைப்பை அறுத்து, விலைவாசியோடு மட்டும் இணைத்தது. முதியவர்களின் வாங்கும் திறன் இதனால் குறையவில்லை. ஆனால் உழைப்பவர்களின் ஊதியம் விலைவாசியைவிட வேகமாக ஏறியதால், இரு தரப்பாரின் வாழ்க்கைத்தரத்துக்கும் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது. 2000 ஏப்ரலில் விலைவாசி உயர்வு மிகக் குறைவாக இருந்ததால், விதிப்படி வாரத்துக்கு 75 பென்ஸ் மட்டுமே ஓய்வூதியம் உயர்ந்தது. விதி சரியாகவே வேலை செய்தது. ஆனால் நாடே கொதித்தது. 2011 முதல் அங்கே நடைமுறையில் இருப்பது 'மூன்று பூட்டு' எனப்படும் விதி: விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அதுவே அந்த ஆண்டின் உயர்வு. இதன்படி 2023 ஏப்ரலில் 10.1 விழுக்காடும் 2024 ஏப்ரலில் 8.5 விழுக்காடும் கூடின. 2022-இல் மட்டும், ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பியோரால் ஊதியப் புள்ளிவிவரம் செயற்கையாக வீங்கியிருப்பதாகச் சொல்லி, ஊதியப் பூட்டை ஓராண்டுக்குக் கழற்றி 3.1 விழுக்காடு கொடுத்தார்கள். இந்த மூன்று பூட்டு வருங்காலத்துக்குத் தாங்குமா என்பது அந்நாட்டில் ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் எழும் கேள்வி.

அதே நாட்டில் உழைக்கும் வயதினருக்கான உதவித்தொகைகளுக்கு நேர்ந்தது வேறு. 2015 கோடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அந்த உதவிகளுள் பெரும்பாலானவை 2016 ஏப்ரல் முதல் நான்கு ஆண்டுகளுக்கு உயராது என்று அறிவித்தார். யாருடைய தொகையிலும் ஒரு பென்ஸ் குறைக்கப்படவில்லை. ஆனால் பட்ஜெட் கணக்கில் அது அரசுக்கு மிச்சமாகும் பணம் என்று வெளிப்படையாகவே காட்டப்பட்டது. உயர்த்தாமல் விடுவது அரசுக்குச் சேமிப்பு என்றால், வாங்குபவருக்கு அது வெட்டு என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அரசு சொல்லிவிட முடியாது. இந்தியாவில் 200 ரூபாய் அசையாமல் நிற்பதும் இதே வகைதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே அதை யாரும் சேமிப்பு என்று எழுதிக் காட்டவில்லை.

நம் பக்கத்தோடு தொடர்புடைய ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். பிரிட்டனில் பல ஆண்டுகள் உழைத்து அங்குள்ள அரசு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றவர், முதுமையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பி வந்துவிட்டால், அவருடைய ஓய்வூதியம் அப்போதைய தொகையிலேயே உறைந்துவிடும். இந்தியாவும் இலங்கையும் ஆண்டு உயர்வு பொருந்தாத நாடுகள். அமெரிக்காவில் குடியேறினால் உயர்வு உண்டு, கனடாவில் இல்லை. ஒரே அளவு பங்களிப்பு செலுத்தியவர்களுக்கு இது அநீதி என்று தொடுக்கப்பட்ட வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

அரசுகள் ஏன் இணைக்கத் தயங்குகின்றன? நிதித்துறையினர் சொல்லும் காரணம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. இணைத்துவிட்டால் செலவு அரசின் கையை விட்டுப் போய்விடும். விலைவாசி ஏறும் ஆண்டு பெரும்பாலும் அரசுக்கும் நெருக்கடியான ஆண்டாகவே இருக்கும். பயனாளிகளின் எண்ணிக்கையும் ஆயுளும் கூடிக்கொண்டே போகின்றன. இதற்கு ஒரு மறுமொழியும் உண்டு: விற்பனையின் மீது விழுக்காட்டுக் கணக்கில் வரி வாங்கும் அரசின் வருவாயும் விலையோடு சேர்ந்தே ஏறுகிறது. நூறு ரூபாய்ப் பொருள் நூற்றைந்து ரூபாயானால் சரக்கு மற்றும் சேவை வரியும் அதே விகிதத்தில் கூடும். ஏறும் வரியை வாங்கிக்கொண்டு, கொடுக்கும் தொகையை மட்டும் அசையாமல் வைப்பது ஒரு தேர்வு. நிதித்துறைக் காரணத்துக்கு அப்பால், வெளியே சொல்லப்படாத அரசியல் காரணம் ஒன்றும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆண்டுதோறும் தானாக உயரும் தொகைக்கு யாரும் மாலை போடுவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கினால் மேடை கிடைக்கும்.

எல்லா அரசுகளும் தயங்கி நிற்கவில்லை. ராஜஸ்தான் 2023-இல் நிறைவேற்றிய குறைந்தபட்ச உத்தரவாத வருமானச் சட்டம், முதியோர் உள்ளிட்டோருக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய் என்று நிர்ணயித்ததோடு, ஜூலையில் 5 விழுக்காடும் ஜனவரியில் 10 விழுக்காடுமாக ஆண்டுக்கு 15 விழுக்காடு உயர்வையும் சட்டத்திலேயே எழுதியது. இது விலைவாசிக் குறியீட்டெண்ணோடு நேரடியாக இணைக்காமல், நிலையான உயர்வை முன்கூட்டியே வகுக்கும் முறை. கணக்கிட எளிது, மக்களுக்கும் புரியும். ஆனால் ஆட்சி மாறிய பின் தொகை 2024-இல் 1,150 ரூபாயாகவும் 2025-இல் 1,250 ரூபாயாகவும் ஆனது. சட்டத்தின் விகிதத்தில் இரண்டாம் ஆண்டில் 1,300 ரூபாயையாவது தொட்டிருக்க வேண்டும். எழுதிய விதிக்கும் பட்ஜெட் உரைக்கும் இடையே ஐம்பது ரூபாய்க்கு மேல் நழுவியிருக்கிறது.

இறுதியாக, இந்தியாவில் இணைப்பு இல்லாமையால் மிகுதியாக அடிபட்டவர்களாக நான் கருதுவது தனியார் ஆலைகளிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் அரசுப் போக்குவரத்து போன்ற கழகங்களிலும் உழைத்து, வருங்கால வைப்பு நிதியின் வழியே ஓய்வூதியம் வாங்குபவர்களை. 1995 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டிலிருந்து 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 விழுக்காடு சேர்க்கிறது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். 2014 செப்டம்பரில் அந்தச் சம்பளத்துக்கான வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த வரம்பால் 35 ஆண்டுகள் உழைத்தவருக்குக்கூட வாய்பாட்டின்படி வருவது 7,500 ரூபாய்தான். பல ஆண்டுகள் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர்களுக்கு அதே மாதம் குறைந்தபட்சத் தொகையாக 1,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. இத்திட்டத்தில் அகவிலை நிவாரணம் என்பதே கிடையாது. ஓய்வு பெற்ற மாதத்தில் வந்த தொகைதான் கடைசிவரை.

இந்த 1,000 ரூபாயை 7,500 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பது இந்த ஓய்வூதியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. சம்பள வரம்பை 15,000 ரூபாய்க்கு மேல் உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையும் பேசப்பட்டு வருகிறது. செய்திகளில் 7,500 என்ற எண் பெரிதாக வரும். கோரிக்கை மனுவில் அந்த எண்ணுக்கு அடுத்தபடியாக 'அகவிலைப்படியுடன்' என்ற ஒரு சொல் இருக்கிறது. அரசு முதல் பகுதியை ஏற்று இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால், விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறும் என்ற அதே கணக்கில், 14 ஆண்டுகளில் அந்த 7,500 ரூபாயின் மதிப்பு இன்றைய 3,800 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். இன்று 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அப்போது 72 வயதாகியிருக்கும்.